அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் போகாத நண்பர்



உறவினர் வீட்டுத் திருமணம், நண்பரின் புதுமனைப் புகுவிழா, உடன் பணிபுரிபவரின் பணி ஓய்வு விருந்து என்று நம் வீடுகளுக்கு அழைப்பிதழ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. போனால் நம் விசுவாசத்திற்கு ஒவ்வாத ஒன்றைச் செய்ய நேருமோ என்ற தயக்கம் ஒரு பக்கம். போகாவிட்டால் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கவலை மறுபக்கம். சிலர் எல்லாவற்றிற்கும் தலையாட்டி, நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாகக் கரைந்துவிடுகிறார்கள். வேறு சிலர் எதற்கு வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

நம் ஆண்டவர் இயேசு இந்த இரண்டையுமே செய்யவில்லை. கானாவூர்த் திருமணத்திற்குத் தம் தாயோடும் சீடரோடும் போனார். மத்தேயுவின் வீட்டிலும் சக்கேயுவின் வீட்டிலும் விருந்தினராக இருந்தார். அதனால் பெருந்தீனிக்காரர் என்ற பழிச்சொல்லையும் கேட்டார். ஆனால் எந்தப் பந்தியிலும் தம் தந்தையின் திருவுளத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இது ஆண்டவருக்கு முடியும், நமக்கு முடியுமா என்று கேட்கத் தோன்றும். முடியும் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் துறவியல்ல, குருவுமல்ல. மனைவி, மக்கள், வேலை, பதவி, நண்பர் கூட்டம் எல்லாம் உடைய ஒரு பொதுநிலையினர். அவர்தான் இங்கிலாந்தின் புனித தாமஸ் மூர்.

மடமா, மணவாழ்வா?

தாமஸ் மூர் 1478 ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்தார். அவரது தந்தை ஜான் மூர் வழக்கறிஞராக இருந்து பின்னர் நீதிபதியானவர். ஏறக்குறைய 12 வயதில் தாமஸ், கேன்டர்பரி பேராயர் ஜான் மார்ட்டனின் இல்லத்தில் பணிவிடைச் சிறுவனாகச் சேர்க்கப்பட்டார். பந்தியில் பெரியவர்களுக்குப் பரிமாறுவது அவரது வேலை. கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே நாடகம் நடக்கும்போது, ஒத்திகை எதுவும் இல்லாமலே நடிகர்கள் நடுவில் புகுந்து, தமக்கென ஒரு பாத்திரத்தை உண்டாக்கிக்கொண்டு எல்லாரையும் சிரிக்க வைப்பார். கலகலப்பு அவரோடு பிறந்த குணம்.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றார், லண்டனில் சட்டம் படித்தார். இளம் வழக்கறிஞராக இருந்தபோது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் லண்டன் கார்த்தூசியன் துறவிகளின் மடத்தை ஒட்டி வாழ்ந்து, அவர்களுடைய செபத்திலும் தவத்திலும் பங்கெடுத்தார். துறவியாகலாமா என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. நன்கு ஆராய்ந்து, செபித்து, தமக்குரிய அழைத்தல் இல்லறமே என்று தெளிந்தார். 1505 இல் ஜேன் கோல்ட் என்பவரை மணந்தார். மூன்று பெண்கள், ஒரு மகன் என நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1511 இல் ஜேன் இறந்துவிட, குழந்தைகளுக்குத் தாய் தேவை என்பதால் விரைவிலேயே ஆலிஸ் என்ற கைம்பெண்ணை மணந்தார்.

மடத்தை விட்டு வந்தவர் மடத்தில் கற்ற ஒன்றை விடவில்லை. ஒறுத்தல் முயற்சியாக உடலை உறுத்தும் முரட்டு மயிராடை ஒன்றை உள்ளே அணிந்து, அதன்மேல் வழக்கமான உடையை அணிந்துகொண்டார். இது மூத்த மகள் மார்கரெட்டுக்கு மட்டும் தெரியும். அந்த ஆடையை இரகசியமாகத் துவைத்துத் தந்தவர் அவரே. ஒரு கோடைகால இரவு உணவின்போது கழுத்துப் பட்டை இல்லாமல் அமர்ந்திருந்த மாமனாரின் மயிராடை, மருமகளாக வந்த ஆன் என்ற இளம்பெண்ணின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் சிரித்துவிட்டார். மார்கரெட் தந்தையிடம் மெல்லச் சொல்ல, அவர் வருத்தத்தோடு அதை மறைத்துக்கொண்டார். வெளியே சிரிப்பு, உள்ளே தவம். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் குடியிருந்தன.

திறந்திருந்த வீடு

மூரின் வீட்டில் விருந்தினர் இல்லாத நாட்கள் குறைவு. ஐரோப்பாவின் பேரறிஞர் எராஸ்மஸ் அவருடைய உயிர் நண்பர். 1509 இல் மூரின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் எராஸ்மஸ் தம் புகழ்பெற்ற நகைச்சுவை நூலான மடமையின் புகழை எழுதினார். அதன் இலத்தீன் தலைப்பிலேயே மூரின் பெயரை வைத்து ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. ஓவியர் ஹோல்பைன் இங்கிலாந்து வந்தபோது ஆதரவு தந்து, அவரால் குடும்ப ஓவியம் தீட்டப்பெற்றவரும் மூர்தான். குரங்கு, நரி, பலவகைப் பறவைகள் எல்லாம் அந்த வீட்டில் வளர்ந்தன. பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைக்குச் சமமாக இலத்தீனும் கிரேக்கமும் கற்றனர்.

இப்படிக் கலகலப்பான வீட்டிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. உணவு வேளை தொடங்கும்போது மறைநூல் பகுதி ஒன்று வாசிக்கப்படும். அதைப் பற்றிச் சிறிது நேரம் பேசுவார்கள். அதன்பின் சிரிப்பும் வேடிக்கையும் தொடங்கும். சூதாட்டத்திற்கும் சீட்டாட்டத்திற்கும் அங்கே இடமில்லை. வசதி படைத்தவர்களை விட, அக்கம்பக்கத்து ஏழைகளே அவருடைய மேசைக்கு அடிக்கடி அழைக்கப்பட்டனர். செல்சி என்ற ஊரில் குடியேறிய பின், முதியோருக்கும் நலிந்தோருக்கும் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, அதைக் கவனிக்கும் பொறுப்பை மார்கரெட்டிடம் ஒப்படைத்தார்.

1519 இல் எராஸ்மஸ் எழுதிய ஒரு மடலில் மூரைப் பற்றிய சிறு செய்தி ஒன்று இருக்கிறது. மூருக்கு மதுவில் நாட்டமில்லை. ஆனால் தாம் குடிக்கவில்லை என்பது விருந்தினருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று நினைத்தார். ஆகவே ஈயக் கலவையில் செய்த கோப்பையில் குடிப்பார். உள்ளே இருப்பது பெரும்பாலும் மிக இலேசான பியர், பல வேளைகளில் வெறும் தண்ணீர். எல்லாரும் ஒரே கோப்பையைக் கைமாற்றி வாழ்த்துக் கூறும் வழக்கம் வரும்போது, உதட்டில் தொட்டுவிட்டுக் கொடுத்துவிடுவார். தம் கட்டுப்பாட்டையும் விடவில்லை, அதைப் பறைசாற்றி அடுத்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவுமில்லை.

பரிசுகளைக் கையாள்வதிலும் அவர் இப்படித்தான். அவர் நீதி வழங்கும் பதவியில் இருந்தபோது, ஒரு பெருஞ்செல்வருக்கு எதிரான வழக்கில் ஒரு கைம்பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அந்தப் பெண் புத்தாண்டுப் பரிசாக ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்தார். உள்ளே 40 பவுண்டு மதிப்புள்ள பொற்காசுகள் இருந்தன. மூர் கையுறையை வாங்கிக்கொண்டார். ஒரு பெண்மணியின் புத்தாண்டுப் பரிசை மறுப்பது நாகரிகமல்ல என்று சொல்லி, காசுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் பொன் முலாம் பூசிய கிண்ணம் கொண்டுவந்தபோது, அதைவிட விலை கூடிய கிண்ணம் ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்தனுப்பினார். உறவை முறிக்காமல் இலஞ்சத்தை மறுப்பது எப்படி என்று இதைவிட அழகாகக் கற்றுத்தர முடியுமா?

அரசரின் தோழமை

மூரின் அறிவும் நேர்மையும் மன்னர் எட்டாம் ஹென்றியைக் கவர்ந்தன. அரச அவையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1521 இல் சர் பட்டம், 1523 இல் நாடாளுமன்றப் பேரவைத் தலைவர் பதவி, 1529 இல் லார்டு சான்சலர் என்ற மிக உயர்ந்த பதவி எல்லாம் வந்தன.

அரசருக்கு அவர் வெறும் அதிகாரியல்ல, தோழர். இரவு வேளைகளில் மூரை அரண்மனை மாடிக்கு அழைத்துச் சென்று விண்மீன்களைப் பற்றிப் பேசுவார். உணவுக்குப்பின் அரசரும் அரசி கேத்தரினும் அவரது நகைச்சுவையைக் கேட்பதற்காகவே அவரை வரவழைப்பார்கள். வேறு யாருக்காவது இது கிடைத்திருந்தால் தலைகால் புரிந்திருக்காது. மூருக்கோ மனைவி மக்களைப் பார்க்க மாதம் ஒருமுறைகூட வீட்டுக்குப் போக முடியவில்லையே என்பதுதான் கவலை. என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் கொஞ்சமாகத் தம் வேடிக்கைப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அரசருக்குச் சுவாரசியம் குறைந்தது, அழைப்புகளும் குறைந்தன. தந்தையும் வீடு போய்ச் சேர்ந்தார். பெரிய இடத்துத் தொடர்பு வேண்டும் என்பதற்காகக் குடும்பத்தைத் தனியே விட்டுவிடும் நமக்கு இது ஒரு பாடம்.

ஒருநாள் மன்னர் முன்னறிவிப்பின்றி செல்சி வீட்டுக்கு வந்து உணவருந்தி, மூரின் கழுத்தில் கைபோட்டபடி தோட்டத்தில் ஒருமணி நேரம் உலவினார். மருமகன் வில்லியம் ரோப்பர் பூரித்துப் போனார். மூரோ நிதானமாக, தம் தலையைக் கொடுத்தால் பிரான்சில் ஒரு கோட்டை கிடைக்கும் என்றால் மன்னர் அதைக் கொடுக்கத் தயங்கமாட்டார் என்றார். மன்னரின் நட்பை அவர் மதித்தார். ஆனால் அதை நம்பி வாழவில்லை.

சான்சலர் பதவியில் இருந்தபோதும் செல்சி பங்குக் கோயிலில் பாடகரோடு பாடகராக வெள்ளை அங்கி அணிந்து பாடினார். அதைக் கண்ட நார்ஃபோக் பிரபு, நாட்டின் சான்சலர் கோவில்பிள்ளையைப் போல நிற்பது மன்னருக்கு அவமானம் என்று கடிந்தார். மன்னருக்கும் தலைவராகிய கடவுளுக்குப் பணி செய்வதால் மன்னர் வருந்தமாட்டார் என்பதே மூரின் பதில்.

ஒரு குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. திருச்சபையின் போதனைக்கு மாறானவற்றைப் பரப்பியோரை அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் சான்சலராக இருந்த காலத்தில் ஆறு பேர் அதற்காக எரிக்கப்பட்டனர். இன்று சமய உரிமையைப் போற்றும் நம் திருச்சபை அதை நியாயப்படுத்துவதில்லை. அவரை ஆட்சியாளர்களின் பாதுகாவலராக அறிவித்த ஆவணத்திலேயே, இந்த விஷயத்தில் அவர் தம் காலப் பண்பாட்டின் எல்லைக்குள் நின்றார் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குறிப்பிட்டிருக்கிறார். ஆயினும் தம் வீட்டுக்குள் மூர் வேறுவிதமாக நடந்துகொண்டார். மருமகன் ரோப்பர் சில காலம் லூத்தரின் கருத்துகளில் மூழ்கியிருந்தார. மூர் அவரோடு வாதாடிப் பார்த்தார். பயனில்லை என்று கண்டதும், இனி வாதம் வேண்டாம், அவருக்காகச் செபிப்போம் என்று முடிவு செய்தார். வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை, பேச்சை நிறுத்தவுமில்லை. ரோப்பர் பின்னர் மனம் மாறினார். மூரின் வாழ்க்கை வரலாற்றை அன்போடு எழுதிவைத்தவரும் அவரே.

ஒரே ஒரு விழா

மன்னர் ஹென்றி, தம் மனைவி கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் போலினை மணக்க விரும்பினார். திருத்தந்தை இசையவில்லை. மன்னர் இங்கிலாந்துத் திருச்சபையைத் தம் பிடிக்குள் கொண்டுவரத் தொடங்கினார். 1532 மே 16 அன்று மூர் பதவி விலகினார். வருமானம் சுருங்கியது. குடும்பத்தாரைக் கூட்டி, செலவைப் படிப்படியாகக் குறைப்போம், அதுவும் முடியாவிட்டால் வீடு வீடாகப் போய் மாதா பாடலைப் பாடிப் பிச்சை எடுப்போம், அப்போதும் ஒன்றாக மகிழ்ச்சியாக இருப்போம் என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்.

1533 ஜூன் 1 அன்று ஆன் போலினுக்கு அரசியாக முடிசூட்டு விழா. நாடே திரண்டது. ஆயர்களாயிருந்த மூன்று நண்பர்கள், விழாவுக்குப் புத்தாடை வாங்கிக்கொள்ளும்படி மூருக்கு 20 பவுண்டு அனுப்பி, தங்களோடு வரும்படி வேண்டினர். மூர் பணத்தை நன்றியோடு வாங்கிக்கொண்டார். விழாவுக்குப் போகவில்லை. பின்னர் அந்த ஆயர்களைச் சந்தித்தபோது, பணத்தை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டீர்கள், உங்களிடம் வசதி இருக்கிறது என்று பெற்றுக்கொண்டேன், ஆனால் மற்ற வேண்டுகோளை ஏற்க முடியாது என்ற பொருளில் நகைச்சுவையாகவே பேசினார். கூடவே எச்சரிக்கையும் செய்தார். முதலில் விழாவுக்கு வரச் சொல்வார்கள், அடுத்து அதை ஆதரித்து மறையுரை ஆற்றச் சொல்வார்கள், அதன்பின் நூல் எழுதச் சொல்வார்கள், முடிவில் ஒன்றும் மிஞ்சாது என்பதே அதன் சாரம்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 1509 இல் ஹென்றிக்கும் கேத்தரினுக்கும் முடிசூட்டு விழா நடந்தபோது, அதைப் போற்றி இலத்தீனில் கவிதைகள் எழுதிக் கொடுத்தவர் இதே மூர். அவர் விழாக்களை வெறுத்தவர் அல்லர். எல்லாப் பந்திகளிலும் மனமார அமர்ந்தவர் அவர். அதனால்தான் இந்த ஒரு விழாவில் அவர் இல்லாதது அரசரின் கண்ணை உறுத்தியது. எதற்குமே போகாதவர் போகாமல் இருந்தால் யார் கவனிப்பார்கள்? எல்லாவற்றிற்கும் போகிறவர் ஒன்றுக்கு மட்டும் போகாமல் இருந்தால், ஏன் என்று உலகம் கேட்கும்.

அவர் மேடையேறி விழாவைக் கண்டிக்கவில்லை. போனவர்களைத் திட்டவுமில்லை. பேசாமல் வீட்டில் இருந்தார். அந்த மௌனத்தை மன்னரால் பொறுக்க முடியவில்லை. 1534 ஏப்ரல் 13 அன்று, மன்னரின் புதிய மணத்தையும் வாரிசு உரிமையையும் ஏற்று உறுதிமொழி எடுக்கும்படி லாம்பெத் அரண்மனைக்கு அழைக்கப்பட்டார். புறப்படுமுன் பங்குக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து திருப்பலியில் பங்கேற்றார். வழக்கமாக மனைவி மக்கள் படகுத்துறை வரை வந்து வழியனுப்புவார்கள். அன்று அவர்களை உள்ளேயே நிறுத்தி, தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிள்ளைகளின் முகம் தம்மைத் தளர்த்திவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

உறுதிமொழி எடுக்க மறுத்தார். எடுத்தவர்கள் எவரையும் குறைகூற மறுத்தார். அவரவர் மனச்சான்று அவரவருக்கு, தம் மனச்சான்று இதற்கு இடம் தரவில்லை என்பதே அவர் நிலை. ஏப்ரல் 17 அன்று லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

விண்ணகத்தில் சந்திப்போம்

சிறையில் பல நண்பர்கள் விலகினர். ஆனால் இத்தாலி நாட்டு வணிகர் அந்தோனியோ பொன்விசி, ஏறக்குறைய 40 ஆண்டு நண்பர், ஆபத்தைப் பாராமல் உணவும் திராட்சை இரசமும் குளிருக்கு மேலாடையும் அனுப்பிவந்தார். எழுதுகருவிகள் பறிக்கப்பட்ட நிலையில், கரித்துண்டால் அவருக்கு நன்றி மடல் எழுதினார் மூர். நல்ல நட்பைக் கடவுளின் கொடையாகவே அவர் கண்டார்.

1535 ஜூலை 1 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை நடந்தது. ரிச்சர்டு ரிச் என்ற அதிகாரியின் பொய்ச்சாட்சியால் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதிகளுள் பலர் அவருக்குப் பழக்கமானவர்கள். அவர்களைப் பார்த்து மூர் சபிக்கவில்லை. புனித ஸ்தேவான் கொல்லப்பட்டபோது அதற்கு உடன்பட்டு நின்ற பவுல் இன்று விண்ணகத்தில் அவரோடு நண்பராக இருப்பதை நினைவூட்டினார். அதுபோல இங்கே தமக்குத் தீர்ப்பிட்டவர்களும் தாமும் விண்ணகத்தில் மகிழ்ச்சியோடு சந்திக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

சாவுக்கு முந்தின நாள் மயிராடையை மார்கரெட்டுக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 6 அன்று கொலைமேடையின் படிகள் ஆட்டம் கண்டிருந்தன. ஏறுவதற்கு மட்டும் கைகொடுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காவல் அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னார். தம்மை வெட்டப்போகிறவருக்குப் பொற்காசு ஒன்று கொடுத்தார். 1935 இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அன்புக்குரியவர்களே, புனித தாமஸ் மூரின் வாழ்வு நமக்குக் கற்றுத் தருவது என்ன? அழைப்பிதழ் வரும்போதெல்லாம் போகலாமா வேண்டாமா என்று குழம்பத் தேவையில்லை. எந்த இடத்தில் நம்மால் அமர முடியாது என்பதைச் செபத்தில் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வோம். மற்ற எல்லா இடங்களுக்கும் திறந்த மனத்தோடு போவோம். சிரிப்போம், வாழ்த்துவோம், பரிமாறுவோம். கையில் தண்ணீர் இருந்தாலும் முகத்தில் மகிழ்ச்சி இருக்கட்டும். நம் வீட்டுப் பந்தியில் ஏழைக்கும் ஓர் இலை போடுவோம். நம்மோடு உடன்படாத மருமகனோ, அண்ணனோ, அயலாரோ இருந்தால் வாதத்தைக் குறைத்துச் செபத்தைக் கூட்டுவோம். போக முடியாத இடம் ஒன்று வரும்போது, போகிறவர்களை இழிவுபடுத்தாமல், அமைதியாக, ஆனால் உறுதியாக விலகி நிற்போம். விலையைக் கொடுக்க நேர்ந்தால் கொடுப்போம்.

நட்பும் விசுவாசமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விசுவாசம் உள்ளவரே கடைசிவரை நண்பராக இருக்க முடியும், தமக்குத் தீர்ப்பிட்டவருக்கும்கூட. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 22 அன்று, அவரோடு மறைசாட்சியாய் இறந்த ஆயர் புனித ஜான் ஃபிஷரையும் இவரையும் சேர்த்துத் திருச்சபை நினைவுகூர்கிறது. அன்று திருப்பலியில் பங்கேற்கும்போது, நம் நண்பர்களின் பெயர்களையும், நம்மோடு பேசாமலிருப்பவர்களின் பெயர்களையும் ஒன்றாகவே ஆண்டவர் முன் வைப்போம். முடிவில்லாத அந்த விண்ணக விருந்தில் நாம் எல்லாரும் ஒரே பந்தியில் அமரும் வரத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.